சர்வீஸ் நிலையத்தோடு நல்லுறவு

"காரைச் சர்வீசுக்கு விட்டால் ஒன்று சரியாகும், இரண்டு கெடும்" என்று குறைப்பட்டுக் கொள்வோர் பலர். "என்ன குறை என்று தெளிவாகச் சொல்லாமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; மாலையில் வந்து நம்மைக் கடிகிறார்கள்" என்று பணிமனையில் வேலை செய்வோர் வருந்துவதும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. இந்தப் பிணக்கில் பெரும்பகுதி நேர்மைக் குறைவால் வருவதன்று. செய்தி சரியாகப் போய்ச் சேராமையால் வருவது. அதைச் சரிசெய்யச் சிறிது இயற்பியலும் சிறிது வேதியியலும் உதவும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதைத்தான் இங்குக் காணப் போகிறோம்.

1980-களின் தொடக்கம் வரை நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்களுள் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஆகியவையே மிகுதி. அவற்றின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கவும், காண்டாக்ட் பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்யவும் தெருமுனை மெக்கானிக்கே போதும். ஓட்டுநர் பலரும் அவ்வேலைகளைத் தாமே செய்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன்பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின; 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகளுக்கு ஏற்பக் கார்புரேட்டர் போய், கணிப்பொறி கணக்கிட்டு எரிபொருளைத் தெளிக்கும் முறை வந்தது. ஆகவே கார் விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவை நாம் முன்னைவிட அதிகமாக நாட வேண்டியிருக்கிறது. காரை வாங்குவது ஒரு நாள் காரியம். சர்வீஸ் நிலையத்தோடு நம் தொடர்போ பல ஆண்டுகள் நீடிப்பது.

சொல் கைமாறும் பாதை

பெரிய சர்வீஸ் நிலையத்தில் நாம் பேசுபவர் வேறு, காரைத் தொடுபவர் வேறு. நாம் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். அவர் நாம் கூறியதை ஜாப் கார்டில் எழுதுகிறார். அது மேற்பார்வையாளர் வழியாக மெக்கானிக்கின் கைக்குப் போகிறது. மெக்கானிக் நம்மைப் பார்ப்பதே இல்லை. ஜாப் கார்டில் உள்ள இரண்டு வரிகளைத்தான் பார்க்கிறார். "சத்தம் வருகிறது, பார்க்கவும்" என்று மட்டும் அதில் இருந்தால் அவர் என்ன செய்வார்? வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் சத்தம் வராவிட்டால், "குறை தென்படவில்லை" என்று எழுதிவிடுவார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

ஆகவே முதல் பாடம் இதுவே: நம் சொற்கள் நாம் இல்லாத இடத்திலும் பொருள் தர வேண்டும். ஜாப் கார்டில் எழுதியதை வாங்கிப் படித்துப் பாருங்கள். நீங்கள் கூறியது விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகே கையொப்பமிடுங்கள்.

நோய்க்குறியைச் சொல்லுங்கள், நோயை அன்று

மருத்துவரிடம் செல்பவர் "எனக்கு வயிற்றில் இந்த இடத்தில், சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்து வலிக்கிறது" என்று கூறினால் அவருக்குப் பயன்படும். "எனக்குக் குடல் புண், இந்த மருந்தைக் கொடுங்கள்" என்றால் பயன்படாது. சர்வீஸ் நிலையத்திலும் அப்படித்தான். "வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்" என்று கேட்டால் அதைச் செய்து பணம் வாங்கிக்கொள்வார்கள். குறை வேறாக இருந்தால் அது அப்படியே இருக்கும். கேட்டதைச் செய்தவரைக் குறை கூறவும் நமக்கு வழியிராது.

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 80 அல்லது 90 கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுங்குகிறது. அதற்குக் கீழே நடுக்கம் இல்லை. இது ஏன்? சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 25 மீட்டர். சிறிய காரின் சக்கரம் அவ்வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 14 முறை சுழலும். அப்போது அந்த 20 கிராம் ஏறக்குறைய 2.7 கிலோ எடைக்குச் சமமான மையவிலக்கு விசையால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். மேலும், இந்த இழுப்பு காரின் முன்பகுதியின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் பெருகும். இது பெரும்பாலும் வீல் பேலன்சிங் குறை. நடுக்கம் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வந்தால் பிரேக் டிஸ்க்கின் தடிப்பு ஒரே சீராக இல்லை என்று ஐயுறலாம். நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கமாக இழுத்தால் அப்போதுதான் அலைன்மென்ட், டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றை எண்ண வேண்டும். "எந்த வேகத்தில்", "எதைச் செய்யும்போது" என்ற இரண்டு விவரங்கள் மூன்று குறைகளைப் பிரித்துக் காட்டிவிட்டன, பார்த்தீர்களா?

எனவே காரைக் கொண்டுபோகுமுன் ஒரு சிறு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: குறை எப்போது தொடங்கியது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? எந்த வேகத்தில்? எஞ்சினின் சுழற்சியோடு சத்தம் கூடுகிறதா, காரின் வேகத்தோடு கூடுகிறதா? ஏ.சி. போட்டால் மாறுகிறதா? வளைவில் எந்தப் பக்கம் திரும்பும்போது? காரை நிறுத்தி எஞ்சினை மட்டும் விரைவாக ஓடவிட்டும் அதே சத்தம் வந்தால், அது சக்கரத்திலிருந்து வருவதன்று என்று உங்களாலேயே சொல்லிவிட முடியும். முடியுமானால் அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். பத்து நிமிட ஓட்டம் பத்துப் பக்கக் கடிதத்தைவிட மேலானது.

எச்சரிக்கை விளக்கும் கணிப்பொறியும்

முகப்பில் எஞ்சின் வடிவ விளக்கு எரிந்தால், பணிமனையில் ஒரு கருவியைக் காரில் செருகிக் குறியீட்டு எண்ணைப் படிப்பார்கள். குறியீட்டைப் படித்தவுடன் குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. "கலவையில் காற்று மிகுதி" என்று குறியீடு கூறலாம். அதற்கு ஆக்சிஜன் உணர்வி கெட்டிருப்பது காரணமாக இருக்கலாம். எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றை உள்ளிழுப்பதும் காரணமாக இருக்கலாம். குறியீடு தேட வேண்டிய தெருவைக் காட்டுகிறது. வீட்டைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஆகவே விலையுயர்ந்த பாகத்தை மாற்ற வேண்டும் என்று கூறினால், "எந்தச் சோதனையில் இது உறுதியாயிற்று?" என்று அமைதியாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்.

இன்னொன்று. விளக்கு அணையட்டும் என்று பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சர்வீசுக்குப் போகாதீர்கள். குறை தோன்றிய நொடியில் எஞ்சினின் வெப்பம், வேகம் முதலியவை என்ன என்பதையும் கணிப்பொறி பதிந்து வைத்திருக்கும். அது அழிந்தால் சாட்சி அழிந்தது. அவ்விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்ட வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கலம் அதனால் பழுதாகும். அப்போது காரை மேலும் ஓட்டாமல் நிறுத்துவதே நல்லது.

கால அட்டவணை ஏன்?

"ஆண்டில் 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஆயில் மாற்றுவது எதற்கு?" என்பது அட்வைசரோடு அடிக்கடி எழும் வாக்குவாதம். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று கையேடு கூறும். மாதக் கணக்கு எதற்கு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். நெடுந்தூரம் ஓடினால் எஞ்சின் நன்கு சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் காரில் அது ஆயிலிலேயே தங்கும். எரியாத பெட்ரோலும் சேரும். குறைவாக ஓடும் கார் குறைவாகத் தேய்கிறது என்பது ஆயிலைப் பொறுத்தவரை உண்மையன்று.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 போன்ற குறி இருக்கும். இது பாகுநிலையின் அளவு. முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்னெண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் குறிக்கும். கையேட்டில் உள்ள குறியும் பில்லில் உள்ள குறியும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பிரேக் திரவத்தைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். பாஸ்கல் விதிப்படி நம் பாதத்தின் அழுத்தம் இத்திரவத்தின் வழியாகவே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலைக்கு விதித்துள்ள குறைந்த அளவோ 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் காரை எண்ணிப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 40 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்கும்; இல்லையேல் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாகிறது. பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் தோன்றினால், அக்குமிழிகள் நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தா. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்வது இதனால்தான். இச்செலவைக் குறைக்க எண்ணாதீர்கள்.

அளவைக் கேளுங்கள்

கையேடு கேட்கும் வேலை ஒன்று. தேய்மானம் கேட்கும் வேலை ஒன்று. நிலையம் விற்க விரும்பும் வேலை ஒன்று. இம்மூன்றையும் பிரித்தறிவதே பணத்தைக் காக்கும் வழி. முதலாவதற்குக் கையேட்டைத் திறந்து பாருங்கள். இரண்டாவதற்கு அளவைக் கேளுங்கள். பிரேக் பேட் "தேய்ந்துவிட்டது" என்றால் எத்தனை மில்லிமீட்டர் மீதி? புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே தீர வேண்டும். பள்ளத்தின் அடியில் அந்த உயரத்துக்கு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். மூன்றாவது வகை வேலையை, வேண்டாம் என்று புன்னகையோடு சொல்லிவிடலாம். எண்ணிக்கையில் பேசும் வாடிக்கையாளரிடம் எவரும் மிகையாகப் பேசத் துணிவதில்லை. அவர்மேல் மதிப்பும் வளர்கிறது.

நடைமுறையில் சில

பண்டிகைக்கு முந்திய நாளிலும் சனிக்கிழமையிலும் கூட்டம் மிகும். வாரத்தின் நடுவில், முன்பதிவு செய்து செல்லுங்கள். முடிந்தவரை ஒரே அட்வைசரிடம் செல்லுங்கள். உங்கள் காரின் வரலாறு அவருக்குப் பழகும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதற்குமேல் எந்த வேலைக்கும் உங்கள் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் செய்யுங்கள். அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் உடனே விடை கூறுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்கும் கார் ஒரு வேலைத் தளத்தையும் ஒரு மெக்கானிக்கையும் முடக்கி வைக்கிறது. மாற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். உத்தரவாதத்தில் இலவசமாக மாற்றியவற்றைப் பெரும்பாலும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். எல்லாப் பில்களையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

குறை தீரவில்லையா? குரலை உயர்த்த வேண்டாம். அன்றே, தேதியும் கிலோமீட்டரும் குறித்து அட்வைசரிடம் கூறுங்கள். பிறகு சர்வீஸ் மேலாளர். அதன்பின் கார்த் தயாரிப்பு நிறுவனம். எங்கும் நீதி கிடைக்காவிட்டால் சட்டம் இருக்கிறது. 1986-இல் இயற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019-இல் இயற்றிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அங்கு உங்களுக்குத் துணை நிற்பது, நீங்கள் படித்துக் கையொப்பமிட்ட அந்த ஜாப் கார்டே.

வேலை நன்றாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். காரின் அடியில் படுத்து வேலை செய்தவர் நீங்கள் பார்க்காதவர்; அவர் சரியான அளவுக்கு முடுக்கிய நட்டுகளை நம்பித்தான் உங்கள் குடும்பம் மலையேறுகிறது. "வேலை செய்த மெக்கானிக்கிடம் நன்றி சொல்லுங்கள்" என்ற ஒரு சொல் அவரைப் போய்ச் சேரும். அடுத்த முறை உங்கள் கார் உள்ளே வரும்போது, அது அவருக்கு எண் மட்டும் உள்ள வண்டியாக இராது.