பிரசவ அறை வாசலில் – 9: நனைந்த விரிப்பு

எட்டு வாரமாக அடுத்தவர் வீட்டுப் பிரசவங்களை எழுதிவந்தேன். இந்த வாரம் என்னுடையது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாதான், "ஊர்ல உள்ளவங்க கதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுறே. உன் கதைய மட்டும் எதுக்கு ஒளிச்சு வெக்கிறே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

2018 டிசம்பர். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சின்ன நர்சிங்ஹோம். அறை ஜன்னலைத் திறந்தால் பரங்கிமலை தெரியும். அந்த மலை உச்சியில் போர்த்துகீசியர்கள் 1523இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அங்கே வணங்கப்படும் மரியாள், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கிக் காத்திருக்கும் கர்ப்பிணித் தாய். அவளுக்கு டிசம்பர் 18 திருவிழா. அது நெருங்கிய வாரம் என்பதால் மலையில் விளக்கு அலங்காரம் மின்னிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி எனக்காக மலையேறி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தார். என் மாமியார் நந்தீஸ்வரர் கோயிலில் ஆவுடைநாயகிக்குப் புடவை சாத்துவதாக வேண்டியிருந்தார். அம்மாவின் வேண்டுதல் திருச்சி தாயுமானவருக்கு, ஒரு வாழைத்தார். எல்லாத் திசையிலிருந்தும் எனக்குக் காவல் போட்டிருந்தார்கள்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். நச்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். என்னை அறைக்கு மாற்றினார்கள். குழந்தையை மாமியார் கையில் வாங்கிக்கொண்டார். என் கணவர் போனில் எல்லோருக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். அம்மா மட்டும் என் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடுதான் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள், என் பெரியம்மா. நான் பார்த்ததில்லை. செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் தலைப்பிரசவம், வீட்டிலேயே. குழந்தை நன்றாகப் பிறந்தது. பிறகு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. சுற்றியிருந்த பெரியவர்கள், "கெட்ட ரத்தம்தானே, போகட்டும்" என்றிருக்கிறார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா படுத்திருந்த பாயைத் தாத்தா வயலுக்குக் கொண்டுபோய் எரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கதையை என் கர்ப்பகாலம் முழுக்க என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அன்றிரவு அவள் கையில் உருத்திராட்ச மாலை. நமசிவாய, நமசிவாய என்று முணுமுணுப்பு. நூற்றெட்டு முடிந்ததும் மாலையை மடியில் வைத்துவிட்டு என் போர்வையைத் தூக்கி, கீழே விரித்திருந்த விரிப்பைத் தொட்டுப் பார்ப்பாள். மறுபடி மாலையை எடுப்பாள். எனக்குத் தூக்கக் கலக்கம். "என்னம்மா சும்மா சும்மா?" என்று சலித்துக்கொண்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

எத்தனையாவது சுற்றோ தெரியாது. தொட்ட கையை வெளியே எடுத்தாள். "நனைஞ்சிருக்குடீ" என்றாள். அடுத்த நொடி அந்த மாடியே அதிரும்படி "சிஸ்டர்!" என்று கத்தினாள். அம்மா கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நச்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடம் முழுக்கத் திறந்த ரத்தக் குழாய்கள். அவற்றை மூடுவது கர்ப்பப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அந்தத் தசைநார்கள் சுருங்கி, நடுவே ஓடும் குழாய்களை முடிச்சுப் போட்டதுபோல நெரித்துவிடும். வயிற்றைத் தொட்டால் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். சில பெண்களுக்குக் கர்ப்பப்பை களைத்துப்போய்த் துவண்டுவிடுகிறது. அப்போது அந்தக் குழாய்கள் எல்லாம் திறந்தே கிடக்கும். ஒரு பெண்ணின் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம் ரத்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகெங்கும் தாய்மார் இறப்புக்கு முதல் காரணம் இந்த ரத்தப்போக்குதான். கர்ப்பகாலம் முழுக்க எந்தச் சிக்கலும் இல்லாத பெண்ணுக்கும் இது வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

ஓடிவந்த நர்ஸ் என் வயிற்றில் கை வைத்ததும் சொன்னது காதில் விழுந்தது: "யூட்ரஸ் லூஸா இருக்கு டாக்டர்." அதற்குப் பிறகு எல்லாம் வேகம். வயிற்றைப் பிசைந்தார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். ஆக்ஸிடோசின், மெதர்ஜின், மாத்திரைகள். சிறுநீர் வெளியேறக் குழாய். கர்ப்பப்பை கொஞ்சம் இறுகும், மறுபடி துவளும். இறுகும், துவளும்.

அந்த டாக்டர் எடுத்த முடிவுக்காக அவரை நான் தினமும் நினைக்கிறேன். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் அரை மணி நேரம் தள்ளிப்போடவில்லை. ஒரு பக்கம் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போன் போய்விட்டது. தாய் மரணங்களை ஆராய்ந்த தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதிய கட்டுரையில் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போவதென்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. பெரியம்மாவுக்கு முதல் தாமதமே போதுமானதாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர் நீச்சல் உடைத் துணி மாதிரித் தடித்த ஒன்றைக் கணுக்காலிலிருந்து வயிறு வரை பட்டை பட்டையாகச் சுற்றி வெல்க்ரோவால் இறுக்கினார். அதிர்ச்சி நிலையைத் தடுக்கும் உடை. விமானிகளின் அழுத்த உடையிலிருந்து நாசா ஆய்வாளர்கள் வழியாகப் பிறந்த யோசனை அது. கால்களிலும் வயிற்றிலும் இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளி, இதயத்துக்கும் மூளைக்கும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொடுக்கும். நர்ஸும் என்னோடு ஏறினாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஒரு கை முஷ்டி உள்ளே, இன்னொரு கை வயிற்றின் மேல், இரண்டுக்கும் நடுவே என் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தபடி வழி நெடுக வந்தாள். கை மரத்துப்போயிருக்கும். விடவில்லை.

கத்திப்பாரா தாண்டி, கிண்டி தாண்டி, வண்டி சைதாப்பேட்டைப் பாலம் ஏறியது. எனக்கு நினைவு வந்து வந்து போனது. அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஆத்தைத் தாண்டியாச்சு கண்ணு. ஆத்தைத் தாண்டியாச்சு."

தாயுமானவர் கதை தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியும். திருச்சியில் பிரசவ வலியில் துடிக்கிறாள் செட்டிப்பெண். பூம்புகாரிலிருந்து புறப்பட்டுவந்த அவள் தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். ஆற்றைத் தாண்ட வழியில்லாததால்தான் சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்போது பிள்ளை பிறந்திருக்கிறது. அந்தத் தலத்தில் பிறந்த கவலைதான் ஆய்வாளர்கள் சொன்ன இரண்டாவது தாமதம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் பெண்கள் ஆற்றங்கரையில் செத்தது எவ்வளவு காலமாக நடந்திருந்தால் அப்படி ஒரு சாமியை நாம் கும்பிட்டிருப்போம்!

நாங்கள் தாண்டிய இடத்தில் 1726இல் முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டியவரும் அவரே. ஆன்ட்டி எனக்காக ஏறிப் போன அதே படிகள். பழைய பாலம் இன்றில்லை. அதே இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். இதையெல்லாம் தெரிந்துகொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான். தெரிந்த அன்று அந்தப் பாலத்தின் நடைபாதையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரி. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் ஊர் வாயில் கோஷாதான். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று திரைக்குப் பின்னால் கிடந்து செத்த பெண்களுக்காக 1885இல் தொடங்கியது. காரணமாக இருந்தவர் மேரி ஷார்லீப். சென்னையில் ஒரு வழக்கறிஞரின் மனைவியாக வாழவந்து, இந்த ஊர்ப் பெண்களின் பிரசவக் கொடுமைகளைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர்.

எங்களுக்காக வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். மூன்றாவது தாமதம் இல்லை. ஒரு டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார்: "எப்பப் பார்த்தீங்க? எவ்வளவு போயிருக்கும்?" அம்மா தயங்காமல் சொன்னாள்: "பன்னெண்டரை மணிக்கு. ரெண்டு விரிப்பு, ஒரு புடவை முழுசா. அதுக்கு முந்தின நூத்தெட்டுல காஞ்சிருந்துச்சு." டாக்டரம்மா ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாராம்.

ஏனென்றால், ரத்தத்தின் அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்வதில்தான் பிழையே நடக்கிறது. எப்போதும் குறைத்தே சொல்கிறோம். 2023இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. தாய்க்கு அடியில் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அதைப் படித்தபோது மாலையும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாதான் கண்முன் வந்தாள்.

உள்ளே எனக்கு டிரானெக்சாமிக் அமிலம் ஏற்றினார்கள். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்து. ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. பிரசவ ரத்தப்போக்குக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று அந்த அம்மாள் கேட்டபோது அவர் ஊர் மருத்துவர்கள் முன்வரவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது என்று 2017இல் நிரூபித்தது. உடாகோ அம்மாள் அதற்கு முந்தைய வருடம், 98 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு கர்ப்பப்பைக்குள் பலூன். ஒரு ரப்பர் குழாயின் நுனியில் ஆணுறையைக் கட்டி, உள்ளே வைத்து, உப்புநீரால் நிரப்பினால் அது உப்பி உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். டாக்காவில் மருத்துவர் சயீபா அக்தர், விலை உயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத நேரத்தில் யோசித்துச் செய்தது. சில நூறு ரூபாய்கூட ஆகாத அந்தப் பொருள்தான் என் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலையைத் தள்ளிவைத்தது. விடியற்காலையில் ரத்தம் நின்றது. மொத்தம் ஏழு யூனிட் ஏற்றியிருந்தார்கள். கணவர் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்ட சேதியைப் பார்த்து ஆதம்பாக்கத்திலிருந்து பையன்கள் நான்கு மணிக்கே பைக்கில் வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை இன்றுவரை எனக்கு யாரென்று தெரியாது.

வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், "எல்லாம் சாமி புண்ணியம்" என்றார்கள். சிலர், "சாமியா ஊசி போட்டுச்சு? டாக்டருங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்றார்கள். இந்த இரண்டு பேச்சுமே எனக்கு ஒட்டவில்லை. அம்மாவின் பக்தி அவளைத் தூங்கவிடாமல் என் கால்மாட்டில் உட்காரவைத்தது. எழுந்துபோய்க் கத்த வேண்டிய நேரத்தில் மாலையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தவும் வைத்தது. பிரார்த்தனை செய்தபடியே பெரியம்மாவைச் சாகவிட்டதும் பக்தி உள்ள வீடுதான். அம்மா இரண்டையும் பார்த்தவள். தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று வீடுவரை போய் விசாரிக்கிற நடைமுறை பல வருடங்களாக இருக்கிறது. 2018–20 கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், இங்கே 54. அந்த 54 பேரின் வீட்டிலும் யாரோ வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதனால் என் பிழைப்பை எனக்கான தனி அருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த முஷ்டியைத் தளர்த்தாமல் வந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது. கூப்பியும் விடுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். குழந்தை ஆதம்பாக்கத்தில் மாமியாரிடம். தினமும் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா வந்து ஒரே கேள்வி கேட்பார்: "பால் வருதா?" குழந்தைக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். நர்ஸ்தான் விளக்கினாள். கர்ப்பகாலத்தில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிவிடும். ரத்தம் நிறைய இழந்தால் அதற்கு ரத்தம் எட்டாமல் கருகிவிடலாம். 1937இல் ஷீஹன் என்ற மருத்துவர் விவரித்ததால் அவர் பெயராலேயே அந்த நோய் அழைக்கப்படுகிறது. அதன் முதல் அடையாளம், பால் சுரக்காமல் போவது. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா எதுவும் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மதியம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணயர்ந்திருந்தேன். நூற்றெட்டு முடிந்திருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. போர்வையைச் சரிசெய்ய என் மார்புப் பக்கம் கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"நனைஞ்சிருக்குடீ" என்றாள்.

(தொடரும்)