உகுலேலேவுக்கு எந்த மைக், எந்த பிக்கப்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே வாசல் வரை கேட்கும். உகுலேலே அப்படியல்ல. நான்கு நைலான் தந்தி, சின்னப் பெட்டி. வரவேற்பு மேடையில் அதை வெறுமனே வாசித்தால் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. சத்தத்தைக் கூட்ட என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த விளக்கம்.

முதலில், வாங்கக் கூடாதது எது என்று பார்ப்போம். எலக்ட்ரிக் கிட்டாரில் இருப்பது காந்த பிக்கப். காந்தப் புலத்துக்குள் இரும்புத் தந்தி அதிரும்போதுதான் அதில் மின்சாரம் பிறக்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரிக் மாண்டலினில் உலோகத் தந்தி இருந்தது. உகுலேலேவின் நைலான் தந்தியைக் காந்தம் உணராது. விலை மலிவாகக் கிடைத்தாலும் அது உங்களுக்கு வீண்.

மீதி வழி மூன்று.

ஒன்று, ஸ்டாண்டில் வைக்கும் மைக். வாத்தியத்தின் இயல்பான ஓசை இதில்தான் வரும். மைக்கை நடு ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள், குமுறும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து, ஒரு சாண் தள்ளி வையுங்கள். கண்டென்சர் மைக் என்றால் மிக்சரில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பள்ளி வகுப்பறை, வீட்டுக் கொலு, சின்ன ஹால் ஆகியவற்றுக்கு இது போதும். பக்கத்தில் டிரம்ஸ், கீபோர்டு இருந்தால் அந்தச் சத்தமும் இதே மைக்கில் ஏறும். வால்யூமைக் கூட்டினால் ‘கூ’ என்று ஊளையிடும்.

இரண்டு, ஒட்டும் பிக்கப். வீணை வித்வான்கள் வைக்கும் கான்டாக்ட் மைக்கைப் பார்த்திருப்பீர்கள். வேலை செய்யும் விதம் அதேதான். பலகையின் அதிர்வைப் பீசோ வில்லை மின்சாரமாக்குகிறது. பிரிட்ஜுக்கு அருகே ஒட்டி, இடத்தை அரை அங்குலம் நகர்த்தி நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். ஓசை ஒவ்வோர் இடத்திலும் மாறும். துளை போட வேண்டாம், வாத்தியத்துக்குச் சேதமில்லை. ஆனால் விரல் பலகையில் பட்டால் அதுவும் ‘டொக்’கென்று கேட்கும்.

மூன்று, சாடிலுக்கு அடியில் பதிக்கும் பிக்கப். தந்திகள் அழுத்தும் வெள்ளைப் பட்டைக்குக் கீழே பீசோ பட்டையை வைத்து, சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பை உள்ளே பொருத்துவார்கள். ஊளையிடுவது இதில் குறைவு. துளை போட வேண்டியிருப்பதால் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பட்டை சமமாக உட்காராவிட்டால் ஒரு தந்தி உரக்கவும் இன்னொன்று மங்கலாகவும் கேட்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் பிளக் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பிக்கப் வாங்கியதோடு வேலை முடியவில்லை. ப்ரீஆம்ப் இல்லாத பீசோவை நேரே மைக்செட் மிக்சரின் மைக் லைனில் செருகினால் ஓசை தகரம் தட்டுவது போல் வரும். மைக்செட்காரரிடம் “அண்ணே, இதை டிஐ பாக்ஸ் வழியா போடுங்க” என்று சொல்லுங்கள். பிக்கப்புக்கும் மிக்சருக்கும் நடுவே நின்று சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி அது. பீசோவுக்கு, 1 மெகா ஓமோ அதற்கு மேலோ உள்ளீட்டுத் தடை கொண்ட ஆக்டிவ் டிஐ ஏற்றது. கேபிள் நீளமாக ஓடும் மண்டபத்தில், சீரியல் லைட்டால் வரும் இரைச்சலையும் டிஐ குறைக்கும்.

அடுத்து, மிக்சரில் ‘லோ கட்’ பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். வழக்கமான சுருதியில் உகுலேலேவின் மிகத் தாழ்ந்த சுரமே சுமார் 262 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாட்டில் ஒன்றும் குறையாது. மேடை அதிர்வும் உறுமலும்தான் போகும். ஸ்பீக்கர் எப்போதும் உங்களுக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டிலும் சின்ன ஹாலிலும் வாசிப்பவருக்கு மைக் போதும். மண்டபம், கோயில் திருவிழா, சர்ச் என்று அடிக்கடி மேடை ஏறுபவர் சாடில் பிக்கப்பும் டிஐ பாக்ஸும் வாங்கலாம். முடிவெடுக்க முடியாதவர் ஒட்டும் பிக்கப்பில் தொடங்கலாம். எதை வாங்கினாலும் கூட்டம் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய், ஒரு பாட்டு முழுக்க வாசித்துச் சரிபார்த்துவிடுங்கள்.