ஒரே ஒரு கோல்... சுதந்திர இந்தியாவின் கணக்கைத் தொடங்கிவைத்த சாரங்கபாணி ராமன்!

நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் மொபைலில் முந்தைய இரவின் இங்கிலீஷ் லீக் கோல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செங்கல்பட்டுப் பையனும் வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்த பையனும் ஒரே சீட்டில் உட்கார்ந்தால், இருவருக்கும் பொதுவான பாஷை கால்பந்துதான்.

மான்செஸ்டர், லிவர்பூல் வீரர்களின் பெயர்களை அடுக்கும் இவர்களிடம் ‘சாரங்கபாணி ராமன் யார்?’ என்று கேட்டால்? அநேகமாக, ‘கும்பகோணம் கோயில் சம்பந்தப்பட்டவரா?’ என்றுதான் பதில் கேள்வி வரும்.

இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோலை அடித்தவர் அவர்!

போர் விழுங்கிய வருடங்கள்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, இங்கிலாந்தின் கால்பந்து லீக் தொடங்கிச் சில ஆட்டங்களே ஆகியிருந்தன. அப்படியே நிறுத்திவிட்டார்கள். மறுபடி முழுமையாக லீக் தொடங்கியது 1946-ல்தான். ஸ்டான்லி மேத்யூஸ் போன்ற மகா வீரர்களே ராணுவ உடை மாட்டிக்கொண்டார்கள். போர் தொடங்கியபோது அவருக்கு வயது 24. லீக் திரும்பியபோது 31. ஒரு ஆட்டக்காரனின் பொற்காலம் அப்படியே கரைந்துபோனது.

மேத்யூஸ் அதன்பிறகும் 50 வயதுவரை ஆடினார். எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லையே!

இந்தியாவிலும் அதே கதைதான். 1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை, போரின் நடுவே சில வருடங்கள் நடக்கவே இல்லை. 1940, 1944 ஒலிம்பிக்ஸ்களும் ரத்து. பெங்களூரில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ராமனின் தலைமுறை, உலக மேடைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது மைசூர் அணி சாதாரண அணி அல்ல. 1946-47 சந்தோஷ் கோப்பையின் இறுதிப்போட்டியில் வங்காளத்தையே வீழ்த்திய அணி. அந்த மண்ணிலிருந்துதான் ராமன், அகமத் கான், தன்ராஜ், வஜ்ரவேலு எல்லோரும் 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சென்றார்கள். அணியின் கேப்டன், நாகா மலைகளிலிருந்து வந்த டாலிமெரன் ஆவ். தொடக்க விழாவில் தேசியக்கொடியைச் சுமந்தவரும் அவரே.

வெறுங்காலில் ஓர் ஆட்டம்

1948 ஜூலை 31. லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு மைதானம். எதிரே பிரான்ஸ். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நம் வீரர்களில் பெரும்பாலானோர் காலில் பூட்ஸ் இல்லை. பாதத்தில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் சிறு வயதிலிருந்து பழகியதே அப்படித்தான். பந்து காலோடு ஒட்டிக்கொண்டு போகும்.

30-வது நிமிடத்தில் பிரான்ஸ் முதல் கோலைப் போட்டது. நம்மவர்கள் அசரவில்லை. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன. சைலேன் மன்னா ஒன்று, மகாபீர் பிரசாத் ஒன்று. இரண்டுமே வீண்.

70-வது நிமிடம். ராமன் உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. 1-1!

ஆட்டம் முடிய ஒரு நிமிடமே பாக்கி என்கிற நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் அடித்துவிட்டது. 2-1. தோற்றால் வெளியே என்ற முறை என்பதால், இந்தியாவின் ஒலிம்பிக்ஸ் அந்த ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. அந்தப் பெனால்டிகளில் ஒன்றாவது உள்ளே போயிருந்தால், 89-வது நிமிட கோல் சமன்தான் செய்திருக்கும். ராமனின் கோலுக்கு வேறு மரியாதை கிடைத்திருக்கும்.

தோல்வி திறந்த வழி

ஆனால், அந்தத் தோல்வி ஒரு தொடக்கமாகவும் இருந்தது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை வென்று தங்கம் வாங்கியது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கிய பிறகு, பூட்ஸ் கட்டாயமானது. 1956 மெல்போர்னில் நான்காம் இடம். 1960 ரோமுக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் ஆடவே இல்லை.

அதாவது, நம் ஒலிம்பிக்ஸ் கால்பந்துக் கதை மொத்தமே நான்கு அத்தியாயங்கள். அதன் முதல் கோல், வெறும் 20 நிமிடங்களுக்குள் தோல்விக்கு அடியில் புதைந்துபோன ராமனின் கோல்.

அடுத்த முறை பஸ்ஸில் பக்கத்து சீட்டு நண்பர் ஏதோ ஒரு ஐரோப்பிய ஹீரோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாகா மலைக்காரர் கேப்டனாக நிற்க, பெங்களூர்க்காரர் கோல் அடித்த கதை. அது அவருக்கும் சொந்தம், உங்களுக்கும் சொந்தம்.