பாதியில் நின்ற கைப்பேசி

செம்பூரில் எங்கள் கட்டடத்து மாமி ஒருவர் தமது ஐபோனுடன் வந்தார். பேரன் கணிப்பொறியில் இணைத்துப் புதிய மென்பொருள் ஏற்றுகையில் பாதியில் நின்றுவிட்டதாம். திரையில் கணிப்பொறியும் கேபிளும் கொண்ட படம் மட்டுமே. மறைந்த மாமாவின் புகைப்படங்கள் வேறெங்கும் இல்லை.

ரயில்வேயில் சிக்னல் பழுதானால் சிவப்பு விழும்; அது விபத்தன்று, பாதுகாப்பு. இந்தப் படமும் அப்படியே. போன் சாகவில்லை, உதவிக்குக் காத்திருக்கிறது.

கணிப்பொறி இப்போது இரண்டு வழி காட்டும். 'ரீஸ்டோர்' அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும். 'அப்டேட்' சேமித்தவற்றை அழிக்காமல் மென்பொருளை மட்டும் மீண்டும் ஏற்ற முயலும். ஆகவே முதலில் அப்டேட்டையே தேர்ந்தெடுங்கள்.

பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் படம் மறைந்துவிடக்கூடும். பதறாமல் பதிவிறக்கம் முடியும்வரை பொறுங்கள். பிறகு, ஐபோன் 8 முதலான மாடல்களில், ஒலி கூட்டும் பொத்தானையும் அடுத்துக் குறைக்கும் பொத்தானையும் ஒருமுறை தட்டிவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானைப் படம் மீண்டும் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள்.

4013 போன்ற பிழை எண் தோன்றினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாமி வீட்டில் குற்றவாளி நைந்த கேபிள்தான்! படங்கள் பிழைத்தன, அன்றே நகலெடுத்தோம். அன்பர்களே, போன் நன்றாக இருக்கும்போதே நீங்களும் எடுத்து வையுங்கள்.