எடை என்ன என்று கேளுங்கள்

அம்பர்நாத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மகனுக்கு இருபது வயது. ஒருநாள் இரவு போலீசார் மகனைப் பிடித்துப் போனார்கள். கையிலிருந்த பையில் கஞ்சா இருந்ததாம். "நண்பன் கொடுத்த பை அம்மா. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது" என்கிறான் மகன்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழுகைதான் வருகிறது. ஆனால் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எடை எவ்வளவு?

போதைப் பொருள் சட்டம் 1985இல் வந்தது. என்.டி.பி.எஸ். சட்டம் என்பார்கள். 2001இல் இதைத் திருத்தினார்கள். அதன் பிறகு எடையைப் பார்த்துத்தான் தண்டனை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் அது 'சிறிய அளவு'. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. அதற்குக் குறைந்தது பத்தாண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம்.

900 கிராமுக்கும் 1,100 கிராமுக்கும் 200 கிராம்தான் வித்தியாசம். தண்டனையிலோ ஒன்பது ஆண்டு வித்தியாசம் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. சட்டப்படி, பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. இலையும் விதையும் தனியாக இருந்தால் அது கஞ்சா ஆகாது. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டார்களா, பிரித்துப் போட்டார்களா? விவரம் தெரிந்த வக்கீல் இதைக் கேட்பார். ஹெராயின் போன்ற தூளுக்கு இந்தக் கேள்வி உதவாது. வேறு மாவு கலந்திருந்தாலும் மொத்த எடைதான் கணக்கு. 2020இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. ஹெராயினில் 'சிறிய அளவு' ஐந்து கிராம்தான்.

எடையைப் பஞ்சநாமாவில் எழுதுவார்கள். அது மராத்தியில் இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கும் அது புரியாது. மராத்தி எண்களின் வடிவமும் வேறு. எனவே கையெழுத்துக் கேட்டால், "படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். மகாராஷ்டிராவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இதை உறுதியாகச் சொன்னது.

உடம்பைச் சோதிக்கும் முன்பும் ஓர் உரிமை உண்டு. மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கும்படி கேட்கலாம். இந்த உரிமை இருப்பதைப் போலீசாரே சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆனால் பையை மட்டும் சோதித்தால் இந்த விதி பொருந்தாது. மகன் விஷயத்தில் பைதான் சிக்கல்.

மற்ற வழக்குகளில் குற்றத்தைப் போலீசார்தான் நிரூபிக்க வேண்டும். இதில் பை அவன் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அவன்தான் காட்ட வேண்டும். பையை யார் கொடுத்தார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்? இதெல்லாம் மறக்கும் முன்பே வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

வக்கீலுக்கு எங்கே போவது? கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அன்றே வக்கீல் தேவை. "எங்களிடம் பணம் இல்லை, வக்கீல் வேண்டும்" என்று மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. தாணே மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அந்த வக்கீலுக்குப் பீஸ் தர வேண்டியதில்லை. அவர் கேட்டால், ஆணைக்குழுவிடம் புகார் சொல்லலாம்.

சொந்தமாக வக்கீல் வைப்பவர்கள் கல்யாண் போகலாம். லோக்கல் ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். அங்கே செஷன்ஸ் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே என்.டி.பி.எஸ். வழக்கு நடத்திய வக்கீல் யார் என்று விசாரிக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்பவரை நம்பக் கூடாது. "சாகிப்பிடம் பேசி முடித்துவிடுகிறேன், ஐம்பதாயிரம் கொடு" என்பவர் வக்கீலே அல்லாமலும் இருக்கலாம். பார் கவுன்சில் அட்டையைக் காட்டச் சொல்லலாம். நல்ல வக்கீல் கோபிக்க மாட்டார். விடுதலை நிச்சயம் என்று வாக்கும் தர மாட்டார். பீஸைத் தவணையாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்க வேண்டும்.

வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவன் மகன். அதற்காக வக்கீல் அவனை நேரில் பார்ப்பார். அப்போது பஞ்சநாமாவின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லி, எடை எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அம்மா தெரிந்துகொள்ளலாம்.