சில்லறைக் காசில் கொச்சி

குன்றக்குடி, காரைக்குடிப் பக்கம் ‘படகில் போயிருக்கிறீர்களா’ என்று கேட்டால் பெரும்பாலும் கன்னியாகுமரிக் கதைதான் வரும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனோம், வந்தோம் என்பார்கள். வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு போன தாத்தா நினைவுக்கு வருவார். தினமும் படகில் வேலைக்குப் போய், படகிலேயே மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது கண்மாய்த் தண்ணீரை நம்பி வாழும் நம் சீமைக்குப் பழக்கமில்லாத சங்கதி.

அப்படி வாழ்கிற பெருநகரம் ஒன்று ஓரிரவு ரயில் தூரத்தில் இருக்கிறது. வேளாங்கண்ணியிலிருந்து எர்ணாகுளம் போகும் ரயில் வாரத்தில் இரு நாள் காரைக்குடி வழியாகச் செல்கிறது. இரவில் ஏறிப் படுத்தால் தென்காசி, புனலூர், கொல்லம் தாண்டி மறுநாள் பகலில் கொச்சி. இறங்கியதும் டாக்சிக்காரர்களும் ‘ஹார்பர் குரூஸ்’ ஏஜென்டுகளும் சூழ்ந்துகொள்வார்கள். ஆட்டோ பிடித்து எர்ணாகுளம் போட் ஜெட்டிக்குப் போய்விடுங்கள். டூர் படகு காட்டும் காயலில் பெரும்பகுதியை அங்கே பத்து ரூபாய்க்குள் பார்த்துவிடலாம்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கட்டுப்படியாகிறது? இந்தப் படகு சுற்றுலாப் பயணிக்காக ஓடவில்லை, அதுதான் காரணம். கொச்சி நகரம் ஒரே நிலத்தில் இல்லை. கரையில் எர்ணாகுளம், நடுவே வெல்லிங்டன் தீவு, வடக்கே போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் தீவுகள், மேற்கே ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். கோஸ்ரீ பாலங்கள் 2004-இல் வரும்வரை வைப்பின் மக்களுக்கு எர்ணாகுளம் போகப் படகுதான் நேர்வழி. இவர்களுக்காகவே கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968 முதல் படகு ஓட்டுகிறது. நம் டவுன் பஸ்ஸைப் போலத்தான், டிக்கெட் காசில் விழும் துண்டை அரசுப் பணம் அடைக்கிறது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகில் 1997 முதல் டிக்கெட்டே கிடையாது; சுதந்திர தேவி சிலையை அதிலிருந்தே பார்த்துவிடுகிறார்கள். பினாங்கிலும் பட்டர்வொர்த் படகுக்கு நெடுங்காலமாக ஒரு பக்கம் மட்டும்தான் கட்டணம் வாங்கினார்கள்.

பழைய அரசுப் படகில் ஏறினால் முதலில் எஞ்சினைக் கவனியுங்கள். முன்னால் நின்று சக்கரம் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சின் அவர் கையில் இல்லை, கீழே டிரைவர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், கரை நெருங்கும்போது பின்வாங்கவும் ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடிப்பார். தண்ணீரைப் பார்க்காமலே டிரைவர் அந்த மணிக்கணக்கில் எஞ்சினை ஓட்டுவார். படகு துறையில் உரசும் நேரத்தில் லாஸ்கர் என்ற ஊழியர் கயிற்றோடு தாவிக் கட்டுகிறார். இறங்குபவர்கள் அதற்கும் முன்பே தாவிவிடுவார்கள். நாம் அதைச் செய்ய வேண்டாம்.

ஃபோர்ட் கொச்சிக்கு அரை மணிக்கும் குறைவான பயணம். வலப்பக்கம் தென்னைக்கு நடுவே டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய போல்காட்டி மாளிகை, அதைத் தாண்டி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். இடப்பக்கம் வெல்லிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி கடவுள் படைத்ததல்ல. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-களில் துறைமுக வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, வாரிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம் அது. 1928-இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தபோதுதான் நவீன கொச்சித் துறைமுகம் பிறந்தது. தீவில் கடற்படைத் தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனைத் திருப்பாமல் இருப்பது நல்லது. துறைமுக வாய் அருகே சில நேரம் ஓங்கில் தலைகாட்டும்.

ஆங்கிலப் பலகைகளில் வாட்டர் மெட்ரோ என்றிருப்பது வேறு. 2023 ஏப்ரலில் தொடங்கியது. கொச்சின் ஷிப்யார்டு கட்டிய மின்சாரப் படகுகள். நூறு பேர் ஏறலாம். ஏசி உண்டு. கட்டணம் 20 ரூபாயிலிருந்து 40 வரை. ஹைகோர்ட் ஜெட்டியில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி, வைப்பின் என்று போகலாம். மட்டாஞ்சேரிக்கும் துறை வந்துவிட்டது. இதன் சாமர்த்தியம் படகைவிடத் துறையில்தான். மிதக்கும் மேடை என்பதால் வேலியேற்றம் வற்றம் எதுவானாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியை நேராக உள்ளே தள்ளிவிடலாம். மூட்டுவலிக்காரர்களைக் கூட்டிப்போனால் யோசிக்காமல் இதில் ஏறுங்கள். நூறு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்பதால் விடுமுறை நாளில் ஃபோர்ட் கொச்சி வரிசை நீளும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் காயலில் காற்று இல்லை, டீசல் வாடை இல்லை, மீன்காரம்மா பேச்சும் இல்லை. என்னைக் கேட்டால் போகும்போது பழைய படகு, வெயிலில் அலைந்து களைத்துத் திரும்பும்போது மெட்ரோ.

ஃபோர்ட் கொச்சியில் நடைதான். சீன வலைகளில் மரக்கையின் ஒரு முனையில் வலை. மறுமுனையில் கயிற்றில் கட்டிய கருங்கற்கள், எடைக்கு எடை. ஐந்தாறு பேர் கயிறு பிடித்தால் அத்தனை பெரிய வலையும் எழும்பிவிடுகிறது. பக்கத்தில் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் இங்கே இருக்கிறது. எலும்புகளைப் பின்னர் லிஸ்பனுக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.

ஆனால் செட்டிநாட்டுக்காரருக்கு நான் சொல்லும் முதல் இடம் மட்டாஞ்சேரி. 1568-இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தில் எல்லோரும் சரவிளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்று போல இன்னொன்று இல்லை. ஆத்தங்குடிக் கல் மேல் நடந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வேலையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே டச்சு அரண்மனை. பெயர்தான் டச்சு, 1555-இல் கட்டிக்கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர், பழுதுபார்த்தவர்கள் டச்சுக்காரர்கள், உள்ளே இருப்பது கேரளத்து ராமாயண ஓவியங்கள். வெள்ளிக்கிழமை அரண்மனை கிடையாது, சனிக்கிழமை தொழுகைக்கூடம் கிடையாது. இது தெரியாமல் வார இறுதியில் போய் பூட்டைப் பார்த்துத் திரும்புபவர்கள் ஏராளம்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: உள்ளூரில் ‘ஜங்கார்’ என்பது. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே பைக், கார், லாரி, ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் ‘சேது சாகர்’ படகுகள் 2018-இலிருந்து ஓடுகின்றன. சாலையில் நகரைச் சுற்றிக்கொண்டு போகிற தூரத்தை இது சில நிமிடத்தில் கடந்துவிடும். இதே துறையில் 2015 ஆகஸ்டில் பயணிகள் படகு மேல் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். கூட்டம் பிதுங்கினால் அடுத்த படகுக்கு நின்றுகொள்ளுங்கள். மலிவு என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. காலை, மாலை அலுவலக நேரத்தையும் விட்டுவிடுவது முறை. அந்த நேரத்தில் அது அவர்களுடைய படகு.

இன்னொரு நாள் கையிலிருந்தால் வைக்கம். தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் நடந்த போராட்டத்தில் பெரியார் இருமுறை சிறை சென்ற ஊர். புதுப்பித்த நினைவகத்தை 2024 டிசம்பரில் இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்தார்கள். பெரியாரும் நம் குன்றக்குடி அடிகளாரும் கொள்கையில் எதிரெதிர்க் கரையில் நின்றும் நட்புப் பாராட்டியவர்கள் என்பதால், குன்றக்குடிக்காரர்கள் அங்கே போகக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. 1925 மார்ச்சில் காந்தி வைக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் படகில்தான். இன்று வைக்கம் துறையிலிருந்து தவணக்கடவுக்கு வேம்பநாட்டுக் காயலைக் கடக்கும் படகுகளில் ஒன்று ‘ஆதித்யா’. 2017 ஜனவரியில் இறக்கிய, இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு. கூரை முழுக்கத் தகடுகள், 75 இருக்கைகள். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் பக்கத்து இருக்கையின் குடும்பத் தகராறுவரை தெளிவாகக் கேட்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள், சீட் கிடைக்காது.