மருத்துவரைக் காணாமலேயே மருந்து: இங்கிலாந்தின் 2009 அனுபவம்

பன்றிக் காய்ச்சலை உலகளாவிய கொள்ளைநோயாக உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11 ஆம் தேதி அறிவித்தது. அடுத்த மாதம் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களுக்கு அழைப்புகள் குவிந்தன.

இதையடுத்து ஜூலை 23 ஆம் தேதி, தொலைபேசியிலும் இணையத்திலும் ஆலோசனை வழங்கும் தேசிய சேவையை அரசு துவக்கியது. நோயாளியிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. பதில்கள் பொருந்தினால் ஓர் இலக்கம் தரப்பட்டது. அதைக் காட்டி உறவினரோ நண்பரோ டாமிஃப்ளூ மருந்தைப் பெற்றுவரலாம். நோயாளி வீட்டைவிட்டு வெளியேறத் தேவையில்லை. அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் உட்கொண்டால்தான் அம்மருந்து நன்கு பலனளிக்கும் என்பதால், விரைவும் அவசியமாக இருந்தது.

ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்கள் மருத்துவர்களோ தாதியரோ அல்லர். எழுதித் தரப்பட்ட கேள்விகளை வாசித்த ஊழியர்கள். காய்ச்சல், தலைவலி, வாந்தி ஆகியவை மூளையுறை அழற்சியின் தொடக்கத்திலும் காணப்படுபவை என மருத்துவர்கள் எச்சரித்தனர். மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டபோது, மருந்து பெற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வைரஸ் இருக்கவில்லை எனத் தெரியவந்தது. கர்ப்பிணிகளையும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் மருத்துவரிடமே அனுப்பியது இத்திட்டத்தின் விவேகமான அம்சம் எனலாம். மற்றவர்களின் நிலை மோசமடைகிறதா என்று மறுநாள் விசாரிக்க எவரும் இருக்கவில்லை.

2010 பிப்ரவரியில் இச்சேவை மூடப்பட்டது. கொவிட் பரவிய 2020 இன் இறுதியில், வீட்டிலிருந்த ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் விரல் கருவி வழங்கப்பட்டு, அவர்களது நிலை தொடர்ந்து கேட்டறியப்பட்டது.